கடலில்லாத ஊரில் கப்பல் தகடு

இந்த எபிசோடை நான் ஸ்டூடியோவில் பதிவு செய்யவில்லை. காரைக்குடியில், அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். ஆடியோவில் நடுநடுவே ஒரு 'டங் டங்' சத்தம் கேட்கும். அது மேஸ்திரி, சமையல்கட்டுக்கு மேலே இருக்கிற இரும்பு கர்டரில் துருவைக் கொத்துகிற சத்தம். எடிட் பண்ணும்போது எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன், ஏன்னா இன்றைய கதையே அந்த கர்டரிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நீங்கள் நிறைய ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஆத்தங்குடிக் கல் எல்லாம் வரும். தலைக்கு மேலே இருக்கிற இரும்பை யாரும் வீடியோ எடுப்பதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1940 வரைக்கும் இங்கே கட்டிய பெரிய வீடுகளில் இங்கிலாந்து இரும்பு நிறைய இருக்கிறது. ரங்கூனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்ற பணம் கப்பலில் சரக்காகத் திரும்பி வந்தது. எங்கள் கர்டரின் பக்கவாட்டிலும் ஏதோ ஆங்கில எழுத்து இருக்கிறது. பாதியைத் துரு தின்றுவிட்டதால் படிக்க முடியவில்லை.

பிரச்சினை இதுதான். ஓடு உடைந்து பல வருஷமாக ஒரே இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் கர்டர் அடுக்கடுக்காக உரிகிறது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. சென்னையில் இருக்கிற பெரியப்பா, "இரண்டாம் கட்டையே இடிச்சிரலாம், தூணையும் கதவையும் முனீஸ்வரன் கோவில் தெருவுல கொடுத்தா நல்ல விலை வரும்" என்கிறார். அந்தத் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், இடித்த வீடுகள் துண்டு துண்டாக அங்கே வரிசையில் நிற்கும். அப்பத்தா, "நான் இருக்கிற வரைக்கும் ஒரு ஓடு நகராது" என்று சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற சித்தப்பா வாட்ஸ்அப் காலில் வந்து ஒரே போடாகப் போட்டார்: "அந்த கர்டரை எடுத்துட்டு ஏஹெச்36 தகடு வாங்கி வெல்டு பண்ணி மாட்டுங்க. கப்பலுக்கே அதைத்தான் போடுறோம். வீடு தாங்காதா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏஹெச்36 என்றால் என்ன? அதைத் தேடப் போனவன்தான் நான். திரும்பி வர மூன்று வாரம் ஆச்சு.

முதலில் அந்தப் பெயரைப் பிரிப்போம். வீடு கட்டியவர்கள் கம்பிக் கடையில் 'எஃப்இ 500டி' என்று கேட்டிருப்பீர்கள். அதில் 500 என்பது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவிசை வரைக்கும் கம்பி நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று அர்த்தம். கப்பல் தகட்டிலும் அதே மாதிரி எண் உண்டு, ஆனால் அங்கே அது பழைய கிலோ கணக்கு. சாதாரணக் கப்பல் தகட்டின் அளவு 235 நியூட்டன், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 24 கிலோ. உயர்வலிமைத் தகடுகளுக்கு 32, 36, 40 என்று மூன்று படிகள். நியூட்டனில் சொன்னால் 315, 355, 390. ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் 36 கிலோவைத் தொங்கவிட்டாலும் அது பழையபடி சுருங்கி வரும் என்பதுதான் சித்தப்பா சொன்ன 36. நடுவில் வரும் 'ஹெச்' உயர்வலிமையைக் குறிக்கிறது.

முன்னால் இருக்கிற 'ஏ'? இதில்தான் கதையே இருக்கிறது. ஏ, டி, ஈ, எஃப் என்று நாலு எழுத்து. ஏஹெச்36, டிஹெச்36, ஈஹெச்36, எஃப்ஹெச்36 நாலுக்கும் வலிமை ஒன்றுதான், 355. அப்புறம் எதற்கு நாலு எழுத்து? எதற்கு நாலு விலை?

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லாண்ட். 'ஸ்கெனெக்டடி' என்று ஒரு புத்தம்புது எண்ணெய்க் கப்பல் கடல் சோதனை ஓட்டத்தை முடித்துவிட்டுத் துறையில் கட்டி நிற்கிறது. புயல் இல்லை, அலை இல்லை, குண்டு விழவில்லை. ராத்திரி ஒரு பெரிய சத்தம். மேல்தளத்தில் ஆரம்பித்த விரிசல் இரண்டு பக்கமும் இறங்கி, கப்பல் நடுவில் மளுக்கென்று உடைந்து, அடித்தகடு மட்டும் ஒட்டிக்கொண்டு, நடுப்பகுதி தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அந்த போட்டோவை அவசியம் தேடிப் பாருங்க. முறுக்கு உடைந்த மாதிரி இருக்கும்.

அது போர்க்காலம். அமெரிக்கா 2,710 லிபர்டி கப்பல்களை வேகவேகமாகக் கட்டிக்கொண்டிருந்தது. ரிவெட் அடித்தால் நேரமாகும் என்று எல்லாவற்றையும் வெல்டிங் பண்ணினார்கள். அந்தக் கப்பல்களிலும் விரிசல்கள் வர ஆரம்பித்தன. எல்லோரும் முதலில் வெல்டரைத்தான் திட்டினார்கள். அனுபவம் இல்லாத ஆள், அவசர வேலை என்று. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி உடைந்த தகடுகளைச் சோதித்துவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் இந்த எஃகு தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. அதுவரை வளைந்து கொடுத்தது, அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி உடைகிறது. அந்த ராத்திரி போர்ட்லாண்டில் குளிர் உறைநிலைக்குக் கீழே இருந்தது. அந்த எஃகு ஏற்கெனவே கண்ணாடிப் பக்கம் போய்விட்டது.

ரிவெட் கப்பலில் ஒரு தகட்டில் வந்த விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் பண்ணிய கப்பல் முழுக்க ஒரே தகடு மாதிரி. விரிசலுக்கு நிற்க இடமே இல்லை.

இதை எப்படிச் சோதிப்பது? அதற்கான முறை 1901இலேயே வந்துவிட்டது. பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் ஷார்ப்பி பெயரில் இருக்கிற சோதனை. பத்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சின்ன எஃகுத் துண்டு, நடுவில் வி வடிவத்தில் ஒரு வெட்டு. ஊசல் மாதிரி தொங்குகிற சுத்தியலை மேலேயிருந்து விட்டால், அது துண்டை உடைத்துவிட்டு மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். குறைவாக ஏறினால் உடைக்க அதிக சக்தி செலவாகியிருக்கிறது, அதாவது நல்ல எஃகு. போருக்குப் பிறகு கப்பல் தகட்டு விதிகளில் இந்தச் சோதனை கட்டாயமாக உள்ளே வந்தது. அந்த ஏ, டி, ஈ, எஃப் எழுத்தெல்லாம் இந்தத் துண்டை எவ்வளவு குளிரில் வைத்து உடைத்தார்கள் என்பதுதான். 36 வகையில் ஏ என்றால் 0 டிகிரி, டி என்றால் மைனஸ் 20, ஈ என்றால் மைனஸ் 40, எஃப் என்றால் மைனஸ் 60. நாலிலும் குறைந்தது 34 ஜூல் தாங்க வேண்டும்.

ஆக, எண் சொல்வது எவ்வளவு இழுக்கலாம் என்று. எழுத்து சொல்வது எப்போது கைவிடும் என்று. எண்ணுக்காக இல்லை, அந்த எழுத்துக்காகத்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இரண்டையும் ஒன்றாக உயர்த்துவது சுலபமில்லை. எஃகைக் கெட்டியாக்க ரொம்பப் பழைய வழி கார்பனைக் கூட்டுவது. கூட்டினால் வலிமை வரும், ஆனால் குளிரில் சீக்கிரம் உடையும், வெல்டு பண்ணின இடத்துக்குப் பக்கத்தில் விரிசலும் விடும். இன்னொரு வழி, எஃகுக்குள் இருக்கிற படிகங்களைச் சின்னதாக்குவது. கற்கண்டையும் ரவையையும் நினைத்துப் பாருங்க. பெரிய கட்டியில் விரிசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடும். பொடிப்பொடியாக இருந்தால் ஒவ்வொரு துகளின் எல்லையிலும் திரும்ப வேண்டும். துளியூண்டு நியோபியம் சேர்த்து, தகட்டை உருட்டும்போது வெப்பத்தையும் ஆறும் வேகத்தையும் கட்டுப்படுத்தினால் இந்தப் பொடிப் படிகம் கிடைக்கும். வலிமை, குளிர் தாங்கும் குணம் இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டுகிற வழி கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். ஐஎன்எஸ் விக்ராந்த். 262 மீட்டர் நீளம், 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில் கடற்படையில் சேர்ந்தது. அன்றைக்கு நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டோம். ஆனால் அந்தக் கப்பலுக்கு ஆரம்பத்திலேயே தகடு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதுவரை போர்க்கப்பலுக்கான சிறப்பு எஃகு ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நினைத்த நேரத்துக்கு, நினைத்த அளவுக்குக் கிடைக்கவில்லை. தகட்டை வெட்டும் வேலையை 2005இல் ஆரம்பித்துவிட்டு, அடிமரம் வைத்தது 2009 பிப்ரவரியில்தான்.

ஹைதராபாத்தில் இருக்கிற பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், அதாவது டிஎம்ஆர்எல், 'செயில்' நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு எஃகை உருவாக்கியது. டிஎம்ஆர் 249ஏ. வலிமை குறைந்தது 390, நம்ம கணக்கில் '40' வகை. குளிர்ச் சோதனை மைனஸ் 60இல், எஃப் எழுத்துக்குச் சமமான இடத்தில். அங்கேயும் 34 ஜூல் போதாது, 78 ஜூல் வேண்டும் என்று வைத்தார்கள். இந்தியப் பெருங்கடலில் மைனஸ் 60 எங்கே வரப்போகிறது என்று நானும் கேட்டேன். வராதுதான். ஆனால் வெடிகுண்டு அதிர்ச்சி தகட்டை மிக வேகமாக இழுக்கும். அந்த வேகத்தில் எஃகு குளிரில் இருப்பது மாதிரியே நடந்துகொள்ளும். ஸ்கெனெக்டடிக்குக் குளிர் என்ன செய்ததோ, அதைப் போர்க்கப்பலுக்கு வேகம் செய்யும். அதனால்தான் அவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

விமானம் வந்து இறங்குகிற தளத்துக்கு இன்னும் கடினமான 249பி. அதைத் தனியாகச் சூடாக்கிக் குளிர வைத்துப் பதம் பண்ண வேண்டும். பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளிலிருந்து விக்ராந்துக்கு மட்டும் சுமார் 30,000 டன் போயிருக்கிறது. தகடு வந்தால் போதாது, அதற்கேற்ற வெல்டிங் கம்பியையும் இங்கேயே உருவாக்க வேண்டியிருந்தது. விக்ராந்துக்கு முன்னாலேயே இந்த எஃகில் ஒரு கப்பல் கடலுக்குப் போய்விட்டது. 2014 ஆகஸ்டில் சேர்ந்த ஐஎன்எஸ் கமோர்ட்டா, கொல்கத்தாவில் கட்டியது.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் சித்தப்பா பக்கம் சாய்ந்துவிட்டேன். ஏஹெச்36ஐ மாட்டிவிடலாம், அப்பத்தா ஜெயிச்சிடுவார் என்று. அதை மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் துருவைக் கொத்துவதை நிறுத்தாமலேயே, "தம்பி, அது நல்ல இரும்பா இருக்கும். ஆனா மெல்லிசா இருந்தா தொய்யும்ல?" என்றார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் இல்லை.

ஏன்னா அவர் கேட்டதுதான் கப்பல் கட்டுகிறவர்களும் முப்பது நாற்பது வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிற கேள்வி. எஃகின் வலிமையைக் கூட்டலாம். விறைப்பைக் கூட்ட முடியாது. சாதாரண இரும்போ விக்ராந்த் இரும்போ, ஒரே அளவு பாரத்துக்கு ஒரே அளவுதான் வளையும். நியோபியம் போட்டாலும் அது மாறாது. வலிமை கூடியதால் தகட்டை மெல்லிசாக்கினால் அது முன்னைவிட அதிகமாகத்தான் வளையும். அழுத்தினால் சீக்கிரம் நெளியும்.

ஒரு சின்னக் கணக்கு. விதிப்புத்தகத்தில் 36 வகை எஃகுக்கு 0.72 என்று ஒரு சலுகை எண் இருக்கிறது. வலிமையை மட்டும் பார்த்தால் 235ஐ 355ஆல் வகுத்து 0.66 கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அலை அடித்து வெல்டிங்கில் வருகிற களைப்பு விரிசலை உயர்வலிமை தடுப்பதில்லை என்று தெரிந்து, முழுச் சலுகையைக் கையில் கொடுக்காமல் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சலுகையில் 20 மில்லிமீட்டர் தகடு சுமார் 17 ஆகும். நெளிவைத் தாங்கும் அழுத்தம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது. 17க்கு அது 28 சதவீதம் குறைந்துவிடுகிறது. வலிமையான எஃகு வாங்கி, நெளிவதில் பலவீனமாகிவிட்டோம்.

2013 ஜூன் 17. சிங்கப்பூரிலிருந்து ஜெட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'எம்ஓஎல் கம்ஃபர்ட்' கன்டெய்னர் கப்பல் அரபிக்கடலில் இரண்டாக உடைந்தது. 2008இல் நாகசாகியில் கட்டியது, வெறும் ஐந்து வயது. அதன் மேல்பகுதியில் அப்போது புதிதாக வந்திருந்த 47 வகை எஃகு போட்டிருந்தார்கள். நல்லவேளை, 26 மாலுமிகளும் காப்பாற்றப்பட்டார்கள். இரண்டு பாதியும் தனித்தனியாக மிதந்து, தனித்தனியாக மூழ்கின. அந்த 47 எஃகைக் குற்றம் சொல்ல முடியாது, அது உடைய ஆரம்பித்த இடம் அதுவல்ல. விசாரணை கைகாட்டியது கப்பலின் அடித்தகட்டை. அங்கே தகடு நெளிந்திருக்கிறது. மேஸ்திரி சொன்ன 'தொய்யும்ல' என்பதன் கடல் வடிவம்.

இன்னொரு எதிரி இருக்கிறது, துரு. அதற்கு நான் தூரமாகப் போகவே தேவையில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் சிக்ரி இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். கடலே இல்லாத காரைக்குடியில் கடல் துருவை ஆராய்ச்சி பண்ணுகிற இடம் எப்படி வந்தது? கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் வைத்தார். 1953 பொங்கலன்று, ஜனவரி 14, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கப்பலில் போய்ச் சம்பாதித்த ஊரில், கப்பலைத் தின்கிற துருவுக்கு ஆராய்ச்சிக்கூடம். ரொம்பப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

சிக்ரி இரும்பைக் கொண்டுபோய்ச் சோதிக்கிற இடம் மண்டபம். பாம்பன் பக்கத்துக் காற்று உலகத்திலேயே இரும்பை மோசமாக அரிக்கிற காற்றுகளில் ஒன்று. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் 2022 வரைக்கும் ரயிலைத் தாங்கியதற்குக் காரணம் இரும்பின் கிரேடு இல்லை. பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்த கேங்மேன்கள்.

இதில் சோகம் என்னவென்றால், துருவுக்கு கிரேடு தெரியாது. கடல் தண்ணீரில் மூழ்கியிருக்கிற வெற்று எஃகு வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் கரையும். அலை தெறிக்கிற இடத்தில் அதைவிடப் பல மடங்கு. சாதாரணத் தகடும் சரி, 36 வகையும் சரி, கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். இருபது வருஷத்தில் 2 மில்லிமீட்டர் போனால், 20இலிருந்து போவது பத்தில் ஒரு பங்கு. 17இலிருந்து போவது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். மெல்லிசாக்கி மிச்சம் பண்ணிய தகட்டில் இழக்க இடம் கம்மி.

துருவைத் தடுக்க மின்வேதியியலில் ஒரு வழி உண்டு. இரும்போடு துத்தநாகம் மாதிரி ஒரு உலோகத்தைக் கட்டிவிட்டால், இரும்புக்குப் பதிலாக அது கரையும். 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படையின் 'சமராங்' கப்பலில் இதைச் செம்புத் தகட்டுக்குச் செய்து பார்த்தார். செம்பு கரைவது நின்றது. கரைகிற செம்பின் விஷம் இல்லாததால் பாசியும் சிப்பியும் ஒட்டிக் கப்பல் மெதுவாகிவிட்டது. பாவம், ஜெயித்தும் தோற்றார். இப்போது எல்லாக் கப்பலிலும் இந்த முறை உண்டு. ஆனால் மிக உயர்ந்த வலிமை எஃகில் இதை அளவுக்கு மீறிச் செய்தால் ஹைட்ரஜன் உள்ளே நுழைந்து எஃகை உடைய வைக்கும். துருவிலிருந்து காப்பாற்றப் போய் விரிசலில் விடுவது. எண் பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தும் பெரிதாகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் கால். நான் இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆமாடா, கப்பல்ல எடையைக் குறைக்கத்தான் அதைப் போடுறோம். வீடு மிதக்க வேண்டாமே" என்றார். பெரியப்பாவுக்கு இரும்பில் அக்கறை இல்லை, செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். மேஸ்திரி போனை வாங்கிச் சொன்னார். கடையில் கிடைக்கிற சாதாரண கர்டர், ஆனால் ஒரு சைஸ் பெரிசு. முட்டுக் கொடுத்து அழுகிய பகுதியை மட்டும் மாற்றலாம். கம்பி பிரஷ், ரெட் ஆக்ஸைடு, மேலே இரண்டு கை பெயின்ட். அதுக்கு முன்னாடி ஓட்டை மாத்தணும். தண்ணி நிக்காம எந்த இரும்பு போட்டும் வேலைக்கு ஆகாது.

பெரியப்பா, "பாதிச் செலவு நான் தர்றேன், மீதியைத் தம்பிகிட்ட கேளுங்க" என்று காலைக் கட் பண்ணினார்.

இப்போது கேட்கிற சத்தம் அந்த வேலைதான். அப்பத்தா காலையிலிருந்து கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். துரு உதிர்ந்த இடத்தில் அந்த ஆங்கில எழுத்து கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஒரு 'எம்', அப்புறம் ஒரு 'ஏ'. "ஆச்சி, மூணாவது எழுத்தையும் கொத்தட்டுமா?" என்று மேஸ்திரி மேலேயிருந்து கேட்கிறார். "வேணாம்ப்பா, பெயின்ட் அடி முதல்ல" என்கிறார் அப்பத்தா.